சீரோ டிராப் ஓட்டக் காலணியும் வெறுங்கால் ஓட்டமும்

குதிகாலும் முன்பாதமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்யப்படும் ஓட்டக் காலணியைச் சீரோ டிராப் காலணி என்கிறார்கள். சாலை ஓட்டப் போட்டிகளுக்கான எடை குறைந்த வகைகள் 2010க்குப் பின் உலகச் சந்தையில் பரவின. விளம்பரங்கள் இதைப் புதிய கண்டுபிடிப்பு போலக் காட்டினாலும் அமைப்பு மிகப் பழையது. ஜப்பானிய மாரத்தான் வீரர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இத்தகைய காலணியில் ஓடினார்கள். தமிழ்நாட்டுக் காடுகழனிகளில் உழைத்தவர்கள் போட்டுத் தேய்த்த டயர் செருப்பும் சமதளம்தான். இதன் வரலாறு வெறுங்கால் ஓட்டத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அமைப்பு

டிராப் என்பது குதிகால் பகுதியின் தடிமனுக்கும் முன்பாதப் பகுதியின் தடிமனுக்கும் உள்ள வேறுபாடு. குதிகாலுக்குக் கீழே 30 மி.மீ., முன்பாதத்துக்குக் கீழே 20 மி.மீ. என்று இருந்தால் டிராப் 10 மி.மீ. ஆகும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஓட்டக் காலணிகளில் இந்த அளவு பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். சீரோ டிராப்பில் இது பூஜ்யம்.

இங்கே பலரும் ஒரு குழப்பத்துக்கு ஆளாகிறார்கள். சமதளம் என்றால் மெல்லிய அடிப்பாகம் என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் 25 மி.மீ. பஞ்சு வைத்த காலணியும் சீரோ டிராப்தான். முன்னும் பின்னும் 6 மி.மீ. ரப்பர் மட்டும் உள்ளதும் சீரோ டிராப்தான். முதலாவதில் ஓடும்போது தரை தெரியாது, இரண்டாவதில் சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் தெரியும். எடை குறைந்த பந்தயக் காலணிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஓடியவர்களின் அனுபவங்களைப் படிக்கும்போது அவர்கள் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெறுங்கால் நடை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலை, சிறுமலையை ஒட்டி, மாந்தோப்புகளுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் இடையே போகிறது. சாணார்பட்டி, கோபால்பட்டி ஆகிய ஊர்கள் இந்தச் சாலையில் உள்ளன. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்படும் நகரத்தாரும், காரைக்குடி, சிங்கம்புணரி வட்டாரத்து மக்களும் நத்தம் வழியாக இந்தச் சாலையில்தான் பழனிக்கு நடக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் செருப்பில்லாமல் நடப்பவர்கள்.

வெறுங்காலுக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள உறவை இவர்களைப் போல அறிந்தவர்கள் குறைவு. காலையிலும் மாலையிலும் நடந்து, உச்சி வெயிலில் மரநிழலில் தங்குவது. வெயில் ஏறிவிட்டால் சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் கால் வைத்து நடப்பது. கொப்புளம் கண்டால் அதை உடைக்காமல் எண்ணெய் தடவுவது. புதிதாக வருபவர் சில வாரங்கள் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பழகுவது என்று எல்லாமே வாய்வழியாக வந்த பாடங்கள். வெள்ளைக் கோடு வெயிலைத் திருப்பியனுப்புவதால் கறுத்த தாரைவிடச் சூடு குறைவாக இருக்கிறது என்பது பள்ளி அறிவியலுக்குள் அடங்கும் செய்தி. பாத யாத்திரைக்காரர்கள் அதைக் காலால் கற்றுக்கொண்டார்கள்.

நேர்த்திக்காகச் செருப்பைக் கழற்றியவர் வீடு திரும்பியதும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்ள இல்லாதவர்களின் கதை வேறு. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செருப்பு என்பது வசதியின் அடையாளமாக மட்டுமின்றிச் சாதியின் அடையாளமாகவும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கக் கூடாது, கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கொடுமை பல ஊர்களில் நிலவியது. தோலைப் பதப்படுத்தியவர்களும் செருப்புத் தைத்தவர்களுமே வெறுங்காலோடு நடக்க வைக்கப்பட்டார்கள். திண்டுக்கல் பல காலமாகத் தோல் பதனிடும் ஊராக இருந்து வருவதால் இந்த முரண் இங்கு நன்றாகவே தெரிந்த ஒன்று. இது முடிந்துபோன பழங்கதையும் அன்று. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள ராஜாவூரில், பல பத்தாண்டுகளாக இருந்த தடையை மீறிப் பட்டியல் சாதியினர் ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான்.

எனவே ‘வெறுங்காலே இயற்கை’ என்னும் வாசகத்தை ஒரு காலணி நிறுவனத்தின் பெட்டியில் படிக்கும் தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று யோசிப்பது நியாயம். யாருக்கு அது இயற்கை, யார்மீது அது சுமத்தப்பட்டது என்ற கேள்வி இந்த மண்ணில் எழாமல் இராது.

இந்திய ஒலிம்பிக்கின் தொடக்கம்

இந்தியா ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பியதன் பின்னணியிலும் வெறுங்கால் ஓட்டம் இருக்கிறது. புனேயின் டெக்கான் ஜிம்கானாவில் நடந்த ஓட்டப் போட்டிகளில் விவசாயிகள் காலணியின்றி ஓடியதை தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா பார்த்தார். பயிற்சியோ முறையான தடமோ இல்லாமல் அவர்கள் எடுத்த நேரம் ஐரோப்பிய வீரர்களின் நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது அவரை வியக்க வைத்தது. அவர் முயற்சியால் 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு சிறு அணி சென்றது. அதில் பெல்காமைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே மாரத்தானை 2 மணி 50 நிமிடங்களில் ஓடி 19ஆம் இடம் பெற்றார்.

தபி

சமதளப் பந்தயக் காலணிக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது ஜப்பானின் தபி. பெருவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்கள் சேர்ந்தும் நுழையும்படி தைக்கப்பட்ட துணி உறை அது. ஷிசோ கனகுரி 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் தபி அணிந்து ஓடினார். கடும் வெயிலில் சோர்ந்து பாதியில் நின்றுவிட்டார். (அவர் நின்ற செய்தி அமைப்பாளர்களை எட்டாமல் போக, 1967இல் அவரை மீண்டும் அழைத்து எல்லைக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். 54 ஆண்டுகளுக்கு மேல் ஆன மாரத்தான் அது.) ஊர் திரும்பிய கனகுரி, டோக்கியோவிலிருந்த ஹரிமாயா என்னும் தபிக் கடையோடு சேர்ந்து, ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஓட்டத் தபியை உருவாக்கினார். குதிகால் உயர்வு இல்லாத, எடை மிகக் குறைந்த, சாலைக்கென்றே செய்த காலணி. இன்றைய சீரோ டிராப் பந்தயக் காலணியின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது.

1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற சோன் கீ சுங் இந்த வகைக் காலணியில்தான் ஓடினார். அவர் கொரியர். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால் ஜப்பானியக் கொடியின் கீழ், ஜப்பானிய உச்சரிப்பில் எழுதப்பட்ட பெயரோடு ஓட நேர்ந்தது. பரிசு மேடையில் தலை குனிந்து நின்ற அவருடைய படம் புகழ்பெற்றது. 1951இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஷிகேகி தனகா பாஸ்டன் மாரத்தானை வென்றபோதும் விரல் பிரிந்த காலணியே காலில் இருந்தது. அமெரிக்கச் செய்தியாளர்கள் ஓட்டத்தைவிட அந்தக் காலணியைக் கூர்ந்து பார்த்தார்கள்.

1953இல் கோபே நகரின் கிஹாச்சிரோ ஒனிட்சுகா தன் நிறுவனத்தின் மாரத்தான் தபியை வெளியிட்டார். அவருடைய ஒனிட்சுகா டைகர் காலணிகளை அமெரிக்காவில் விற்பதற்காக 1964இல் தொடங்கப்பட்ட சிறு நிறுவனம்தான் பின்னாளில் நைக்கி ஆயிற்று. சமதளத் தபி தைத்த பட்டறையிலிருந்து, குதிகால் உயர்ந்த காலணிகளால் உலகை நிரப்பிய நிறுவனத்துக்கு ஒரே ஒரு படிதான் தூரம்.

ரோமும் ஜலந்தரும்

வெறுங்கால் ஓட்டம் என்றதும் நினைவுக்கு வருபவர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் கொடுக்கப்பட்ட காலணி காலுக்குப் பொருந்தாததால் அதை ஒதுக்கிவிட்டு, பழைய ஆப்பியன் சாலை வழியாக இரவில் வெறுங்காலோடு ஓடி 2:15:16 நேரத்தில் வென்றார். அந்தக் கதை எல்லாப் பாடநூல்களிலும் வருகிறது. பாதிக் கதைதான் வருகிறது. 1964 டோக்கியோவில் அதே பிகிலா, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், காலணி அணிந்து 2:12:11 நேரத்தில் மீண்டும் வென்றார். வெறுங்காலை விட மூன்று நிமிடம் விரைவு. பயிற்சி, பாதை, தட்பவெப்பம் எல்லாம் வேறுபட்டதால் அந்த மூன்று நிமிடத்தைக் காலணியின் கணக்கில் எழுத முடியாது. அதே நியாயப்படி ரோம் வெற்றியையும் வெறுங்காலின் கணக்கில் எழுத முடியாது.

இந்தியாவுக்கும் ஒரு பிகிலா இருந்தார். பீகாரின் பக்சர் பகுதிக் கிராமத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த சிவநாத் சிங், பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கமும் 10,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 2:16:22 நேரத்தில் 11ஆம் இடம். 1978 டிசம்பரில் ஜலந்தரில் அவர் ஓடிய மாரத்தானின் நேரம் 2:12:00. பிகிலாவின் டோக்கியோ நேரத்தைவிட 11 விநாடி குறைவு. 40 ஆண்டுகளுக்கு மேலாக இந்திய வீரர் எவரும் அதைத் தொட முடியவில்லை. அந்த இடைவெளியில் உலகின் காலணிகள் எத்தனையோ முறை மாறின. அந்தச் சாதனை மட்டும் அசையவில்லை. 2003இல் அவர் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாத விளையாட்டு மாணவர்கள் இன்றும் ஏராளம்.

குதிகால் உயர்ந்த காலம்

1960களில் அமெரிக்காவில் மெல்லோட்டம் பொதுமக்களிடம் பரவியது. ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன் இதன் முன்னோடி. இவர் ஒனிட்சுகா காலணிகளை விற்ற அந்தச் சிறு நிறுவனத்தின் பங்காளியும்கூட. நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக ஓட வந்தவர்களின் கால்கள், நாள் முழுதும் குதிகால் உயர்ந்த தோல் ஷூவில் இருந்து பழகியவை. குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் இழுப்புக் குறையும் என்பது போவர்மனின் கணிப்பு. கோர்டெஸ் என்ற பெயரில் வந்த காலணி அவ்வாறு பிறந்தது. 1970களின் நடுவில் ஈ.வி.ஏ. என்னும் இலேசான நுரைப்பொருள் காலணிக்குள் வந்தது. குதிகால் மேலும் தடித்தது.

இந்த முடிவில் தவறு தேடுவது எளிது. ஆனால் யாருக்காகச் செய்தார்கள் என்று பார்த்தால் அது பொருத்தமான மருந்தாகவே தெரிகிறது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒருவகைப் பாதத்துக்கென்று செய்ததை எல்லாப் பாதங்களுக்கும் பொதுவாக்கியதில். இதே பிழை நாற்பது ஆண்டுக்குப் பின் எதிர்த்திசையில் மீண்டும் நடந்தது.

மீண்டும் சமதளம்

1993இல் கொலராடோ மாநிலத்தின் லெட்வில் மலைப்பாதையில் நடந்த 100 மைல் ஓட்டத்தில், மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடியைச் சேர்ந்த 55 வயது விக்டோரியானோ சுரோ முதலாவதாக வந்தார். காலில் இருந்தது பழைய டயரை வெட்டித் தோல்வாரால் கட்டிய செருப்பு. நம்மூர்ச் சந்தைகளில் விற்ற டயர் செருப்பின் நெருங்கிய உறவு. தாராஹுமாராக்களைப் பற்றிக் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய ‘பார்ன் டு ரன்’ நூல் 2009இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. 2010 ஜனவரியில் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தால் தரையைத் தொடுகிறார்கள், அதனால் தரையின் முதல் அடி குறைகிறது என்பது அதன் முடிவு. காயம் குறையும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. படித்தவர்கள் அப்படிப் படித்துக்கொண்டார்கள்.

சந்தை விரைந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக நுழையும் விப்ரம் காலுறைக் காலணி ஏற்கெனவே இருந்தது. 2011இல் சாக்கனியின் ஹத்தோரி வந்தது. ஒரு காலணி சுமார் 125 கிராம், டிராப் பூஜ்யம், கயிறும் இல்லை. 2012இல் நியூ பேலன்ஸின் மினிமஸ் ஜீரோ. யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஆல்ட்ரா நிறுவனம் தன் எல்லாக் காலணிகளையுமே சீரோ டிராப்பாகச் செய்தது. விரல்கள் விரிய இடம் விட்ட அகன்ற முன்பகுதி அதன் அடையாளம். இந்தியாவில் நடிகர் மிலிந்த் சோமன் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடி நகரத்து மக்களின் கவனத்தை இழுத்தார். 2008 முதல் ஆரோவில்லில் நடந்துவரும் மாரத்தானின் செம்மண் பாதையில் காலணி இல்லாமல் ஓடுபவர்களையும் மெல்லிய செருப்பில் ஓடுபவர்களையும் காணலாம்.

ஓடியவர்கள் கண்டது

சீரோ டிராப் காலணிக்கு மாறியவர்கள் சொல்லும் அனுபவங்கள் நாடு எதுவானாலும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. முதல் ஓட்டம் இனிமையானது. கால் இலேசாகத் தோன்றும். அடி குறுகும், நிமிடத்துக்கு வைக்கும் அடிகள் கூடும். விரல்கள் மண்ணைப் பற்றுவது போன்ற உணர்வு வரும். பல ஆண்டு முழங்கால் வலி குறைந்தது என்று சொல்பவர்களும் உண்டு. குதிகாலை முன்னே நீட்டி ஊன்றும் பழக்கம் குறையும்போது முழங்காலின் சுமை ஓரளவு குறைவது உண்மையே.

அடுத்த நாள் காலையில் படியிறங்க முடியாது. கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். 10 மி.மீ. உயரத்தில் இருந்து பழகிய குதிகால் தரைக்கு இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தசைநார் கூடுதலாக நீள வேண்டும். முழங்காலிலிருந்து இறக்கிய சுமை கணுக்காலுக்கும் பாதத்துக்கும் போய்ச் சேருகிறது. மொத்தச் சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குவதால், பழனிக்கு வெறுங்காலோடு நடந்த ஒருவருக்குக்கூட மெல்லிய காலணியில் 10 கி.மீ. ஓடுவது புதிய சோதனைதான்.

பொறுமையாகச் சில மாதங்கள் பழகியவர்கள் தப்பினார்கள். ஒரே வாரத்தில் பழைய தூரத்தை ஓட முயன்றவர்களில் பலர் தசைநார் வீக்கத்தோடும் பாத எலும்பில் நுண்முறிவோடும் மருத்துவரிடம் போனார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 36 ஓட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 10 வாரம் மெல்லிய விரல் காலணிக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பில் அழுத்தத்தின் அறிகுறி ஸ்கேனில் தெரிந்தது. வழக்கமான காலணியில் தொடர்ந்த 17 பேரில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. விப்ரம் நிறுவனத்தின் உடல்நலக் கூற்றுகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தொடரப்பட்ட வழக்கு, தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் ஒதுக்க நிறுவனம் இசைந்ததால் 2014இல் சமரசத்தில் முடிந்தது.

‘வெறுங்கால் என்றால் முன்பாத ஊன்றல்’ என்பதும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. வட கென்யாவில் காலணியின்றியே வாழும் தாசனாச் மக்களை ஆராய்ந்தபோது, மிதமான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றினார்கள். அந்த முடிவும் 2013இல்தான் வந்தது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் மெல்லிய அடிப்பாகத்துக்கு வேறு சில சோதனைகளும் காத்திருக்கின்றன. பங்குனி, சித்திரையில் காலை எட்டு மணிக்கே தாரின் சூடு ரப்பரைத் தாண்டி வருகிறது. சாலையோரம் இறங்கினால் நெருஞ்சியும் கருவேல முள்ளும். முள் வளையாமல் நேரே ஏறும். ஐரோப்பியப் பூங்காவுக்கென்று செய்த அடிப்பாகம் அதற்குத் தாங்காது. டயர் செருப்பு தாங்கும், ஆனால் அதன் எடை ஓட்டத்துக்கு ஆகாது.

எடையும் வேகமும்

காலில் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகிறது என்பது பலமுறை அளந்து பார்த்த செய்தி. பந்தயக்காரர்கள் மெல்லிய காலணியைத் தேடியதற்கு இதுதான் முதற்காரணம். அப்படியானால் காலணியே இல்லாததுதான் மிகச் சிக்கனம் என்று தோன்றும். 2012இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெறுங்காலிலும் காலணியிலும் எடையைச் சமமாக்கி அளந்தார்கள். வெறுங்காலுக்குத் தனி இலாபம் எதுவும் தென்படவில்லை. நுரையின் மெத்தை இல்லாதபோது அந்த வேலையைத் தசைகள் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை வந்தபின் சாலைப் பந்தயத்தில் மெல்லிய சமதளக் காலணியின் காலம் ஏறக்குறைய முடிந்தது. தடித்த புதுவகை நுரையும் நடுவே கரிம இழைத் தகடும் கொண்ட அது, ஆற்றல் செலவை 4 விழுக்காடு வரை குறைத்தது. சாதனைகள் சரிந்தன. 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டிக் காலணியின் அடிப்பாகம் 40 மி.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. இன்று சீரோ டிராப் காலணி பெரும்பாலும் பயிற்சிக்கும், பாதத் தசைகளை வலுப்படுத்துவதற்கும், மலைப்பாதைக்கும் பயன்படுகிறது. பரிசு மேடையில் அதைக் காண்பது அரிது.

பாதம் எங்கே வளர்ந்தது

இந்த வாதத்துக்கு மிக முக்கியமான சான்றுகளில் சில தென்னிந்தியாவிலிருந்தே வந்தவை. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. அணியாதவர்களில் 2.8 விழுக்காடு. 1995இல் வளர்ச்சி முடிந்த 1,846 பேரைப் பற்றிய ஆய்வு தொடர்ந்தது. ஆறு வயதுக்கு முன்பே காலணி போடத் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காட்டினருக்கும், 16 வயதில் முதன்முதலாகப் போட்டவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது.

வெறுங்காலோடு வளர்ந்த பாதம் அகன்றும், உள்வளைவு உறுதியாகவும், விரல்கள் விரிந்தும் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. சமதளக் காலணி அத்தகைய பாதத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. குறுகிய ஷூவில் வளர்ந்த பாதத்துக்கு அது பொருந்த மாதங்கள் ஆகும், சிலருக்குப் பொருந்தாமலே போகலாம். ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்கு ஏன் உதவுவதில்லை என்பதற்கான விடை காலணியைவிட அவரவர் சிறுவயதுக் காலடிகளிலேயே கூடுதலாக இருக்கிறது.

இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு, ‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஷூ வேண்டாம், வெறுங்காலே நல்லது’ என்று சிலர் பேசுவதுண்டு. அவர்கள் கொக்கிப்புழுவையும், துருப்பிடித்த ஆணியையும், மாட்டுச் சாணம் கலந்த மைதானத்தில் கால் கிழிந்தால் வரக்கூடிய தசைவிறைப்பு நோயையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வழங்குவதற்கு நல்ல காரணம் உண்டு.

சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டார். பள்ளிப் போட்டிகளில் ஷூ வாங்க வசதியில்லாமல் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவரை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்துவந்தார். லேடி டோக் கல்லூரியில் சேர்ந்தபின் முறையான பயிற்சி தொடர்ந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் ஓடியது சாலையில் இல்லை, தடத்தில். என்றாலும் வெறுங்காலிலிருந்து காலணிக்கு வந்த பாதையில் அவர் பட்டறிவு தென்மாவட்டப் பிள்ளைகள் பலருடையதே. நகரத்து ஓட்டக்காரர் தடித்த காலணியிலிருந்து மெல்லியதற்கு இறங்கி வருகிறார். இவர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து முதல் காலணிக்கு ஏறுகிறார்கள். இருவரும் சந்திக்கும் இடம் ஒரே மாதிரியான இலேசான, தட்டையான காலணியாக இருக்கலாம். வந்த வழி வேறு.

இந்த இரண்டாம் வழியில் வருபவர்களுக்குப் பயிற்சியாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறுங்காலோடு ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று குதிகால் தடித்த ஷூ கொடுத்தால் ஓட்டமே மாறிவிடும். குதிகால் முதலில் இடிக்கும், அடி நீளும், போட்டி நாளில் நேரம் கூடும். அகன்ற பாதம் குறுகிய முனைக்குள் நெருங்கி விரல் நகம் கறுக்கும். முன்பகுதி அகன்ற, டிராப் குறைந்த காலணியே அவர்களுக்கு முதற்காலணியாகப் பொருந்தும். அது விலை உயர்ந்த பன்னாட்டுப் பெயராக இருக்க வேண்டியதில்லை. கையில் எடுத்து, குதிகால் பக்கத்தையும் முன்பக்கத்தையும் விரலால் அழுத்தி ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் காலணியை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கோடு வெளியே தெரிந்தால் காலணி குறுகியது.

ஓட்டக் காலணிகள் இப்போது தமிழ்நாட்டிலும் தைக்கப்படுகின்றன. செய்யாறு பகுதித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பன்னாட்டு நிறுவனங்களின் ஓட்டக் காலணிகளைச் செய்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் காலணிக்குப் பெயர்பெற்றவை.

மாவட்டத்தில் குறுவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளில், சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானத்தில் வெறுங்காலோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஷூ இல்லாவிட்டால் ஓட விடமாட்டார்களோ என்ற பயத்தில் பெயர் கொடுக்காமல் ஒதுங்குபவர்களும் உண்டு. உலகத் தடகள அமைப்பின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. வீரர் வெறுங்காலோடு போட்டியிடலாம், அல்லது ஒரு காலிலோ இரு கால்களிலுமோ காலணி அணிந்து போட்டியிடலாம்.